ஒரு விரல் உயரம்

"செருப்பைக் கழற்று, நிக்காசியோ!"

எவாரிஸ்தோ போட்ட அதட்டலில் கோயிலே அடங்கிப்போனது.

புனித வெள்ளி மதியம். சிலுவை சுமக்கும் ஆண்டவரின் சப்பரம் கிளம்பக் கால் மணி நேரம்தான் இருந்தது. முப்பது பேர் அதைச் சுற்றித் தொங்கும் திரைக்குள் புகுந்து பிடரியில் சுமக்க வேண்டும். அதற்கு முன் எல்லாரும் முழந்தாளிட்டபோதுதான் தலைவர் எவாரிஸ்தோவின் கண்ணில் அது பட்டது.

நிக்காசியோவின் சணல் செருப்புக்கு அடியில் இன்னொரு சணல் அட்டை. ஒரு விரல் கனம்.

"என்னடா இது?"

"கல்லு குத்துது, தலைவரே."

கொல்லென்று சிரிப்பு.

"ஆலிவ் செக்குல மூட்டை தூக்குறவனுக்குக் கல்லு குத்துதாம்!"

"ஆண்டவர் வெறுங்காலோட போறாரு. தொரைக்கு மெத்தை கேக்குது!"

"எத்தனை வருஷமா இந்த வேலை?" என்றார் எவாரிஸ்தோ.

"பதினோரு வருஷமா."

"அட பாவி! உன் பக்கத்துல நிக்கிற பாஸ்குவலைப் பாரு. அறுபத்திரண்டு வயசு. படுத்த படுக்கையா கிடக்குற மகனைத் தினம் தூக்கிக் குளிப்பாட்டுறாரு. அவர் ஒரு நாள் முனகியிருப்பாரா?"

பாஸ்குவலை நிறுத்திவிடலாம் என்று எவாரிஸ்தோ வருஷா வருஷம் நினைப்பார். ஆனால் ஊர்வலம் முடிந்து வெளியே வரும்போது மனிதர் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இருக்காது. "இங்க ஒரு நாள் இவரைச் சுமந்தாத்தான், தலைவரே, வருஷம் பூரா அவனைத் தூக்கத் தெம்பு வருது" என்பார். எவாரிஸ்தோவும் விட்டுவிடுவார்.

பாஸ்குவல் சும்மாட்டைத் தலையில் இறுக்கிக்கொண்டே நிக்காசியோவைப் பார்த்தார்.

"உன்னைத் தம்பியா நெனச்சேனே. சுமக்க வந்த இடத்துல போயி சொகுசு பார்ப்பாங்களா?"

அதுவரை நிமிர்ந்து நின்றவன் அப்போதுதான் தலைகுனிந்தான். "வெளியே நில்லு!" என்றார் எவாரிஸ்தோ. சும்மாட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு போய் நின்றான்.

அதே உயரத்தில் இன்னொருவன் அந்த இடத்துக்கு வந்தான். எவாரிஸ்தோ சப்பரத்தின் முன்புறம் மாட்டியிருந்த சுத்தியலால் மூன்று தட்டு தட்டினார். சப்பரம் எழுந்தது.

பத்தடி போகவில்லை. முன் திரைக்குள்ளிருந்து ஒரு முனகல்.

எவாரிஸ்தோ குனிந்தார். "யாரு? பாஸ்குவலா?"

"ஒண்ணுமில்ல, தலைவரே..." மூச்சு இரைத்தது. "பதினோரு வருஷமா பூவாட்டம் வந்தாரு ஆண்டவரு. இன்னைக்குப் பாறையாட்டம் கனக்கிறாரு."

எவாரிஸ்தோவின் கை சுத்தியலின் மேல் அப்படியே நின்றது. ஒரே உயரத்து ஆட்களாக அளந்து அளந்து வரிசையில் நிறுத்துவது எதற்கு? ஒருவன் ஒரு விரல் உயர்ந்தாலும் பக்கத்தில் இருப்பவனின் பாரமெல்லாம் உயர்ந்தவன் பிடரியில் இறங்கிவிடும் என்றுதானே!

சப்பரத்தை இறக்கச் சொல்லித் தட்டினார். கூட்டத்தில் நிக்காசியோவைத் தேடினார். அவன் உதட்டில் விரல் வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினான்.

திரைக்குள்ளிருந்து பாஸ்குவலின் குரல் கேட்டது:

"அந்தப் புள்ளையை ஏசிட்டேன்ல, தலைவரே... அதான் அவருக்குக் கோவம்."