முப்பத்துமூன்றாவது மணியில் ஒரு வெளிச்சம்

இறக்காமத்து வயல் நடுவே, மருதமரத்துப் பரணில் இரண்டு பேர் மல்லாந்து கிடக்கிறார்கள். உச்சிவானில் ஓர் ஒளி பளிச்சிட்டு மறைகிறது. யானைக்குப் பயந்து கீழே மூட்டியிருந்த தீயை இஸ்மாலெவ்வை இப்போதுதான் தண்ணீர் ஊற்றி அணைத்தார். நாளை அறுக்கவேண்டிய நெல் முழுவதும் இருட்டில் நிற்கிறது. "ஆமி ஹெலிகொப்டர்தான் மச்சான். நெருப்பைக் கண்டா மேல இரிந்து சுடுவானுகள்" என்கிறார். "ஹெலியெண்டா சத்தம் எங்க? ரேடியோ திருத்துற எனக்கே கதை உடுறீங்களா?" என்கிறான் அவரது தங்கையின் கணவன் உதுமான். அவன் விரலில், இறைநாமம் எண்ணும் தஸ்பீஹ் மணிகள் நகர்கின்றன. முப்பத்துமூன்றாவது மணியில் ஒளி பளிச்சிடுகிறது. மறுபடி எண்ணுகிறான், அதே முப்பத்துமூன்று. கிளைக் கவட்டினூடே ஒளியின் பக்கத்தில் தெரிந்த நட்சத்திரம் இதற்குள் மேற்கே நகர்ந்துவிட்டது. ஒளி மட்டும் கவட்டிலேயே நிற்கிறது. "பூமியோட சேந்து சுத்துற செயற்கைக்கோள் இது. உருண்டு உருண்டு மினுங்குது, அவ்வளவுதான்." இஸ்மாலெவ்வைக்குச் சிரிப்பு வருகிறது. "அல்ஹம்துலில்லாஹ்! வா, நெருப்பை மூட்டுவம்." தீப்பெட்டியைத் தேடிய கை பாதியில் நிற்கிறது. பரணுக்கு நேர் கீழே, ஒரு தும்பிக்கை நெற்பயிரை வேரோடு பிடுங்கி, மண் உதிரக் காலில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. மேலே ஒளி பளிச்சிடுகிறது. உதுமானின் விரலில் மணி நகரவில்லை.