இடப்பக்கச் சக்கரம்

"இந்தச் சக்கரத்தை மட்டும் கழட்டுங்க, மாப்பிள்ளை. பிரேக்கைப் பார்த்துட்டு, அவளை இந்தக் கார்லயே கூட்டிட்டுப் போயிடலாம்."

மாமனார் ஸ்பேனரை நீட்டினார். நாற்பது வருஷம் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். மாப்பிள்ளையோ அலுவலகத்தில் பேனா பிடிப்பவன். அதற்காக விட்டுக்கொடுப்பானா?

"நட்டு கழட்ட எனக்குத் தெரியாதா, மாமா?"

"துருப்பிடிச்சுக் கிடக்கு. அதான் சொன்னேன்."

கோபம் வந்தால் அவனுக்குக் கண்மண் தெரியாது. போன மாதம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அன்றைக்கே அவன் மனைவி கிளம்பி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றும் வரவில்லையென்றால் இனி வரவே மாட்டாள் என்று அவனுக்கு உள்ளூர உதறல்தான்.

வழக்கமாகத் திருகுவதுபோல இடது பக்கமாகத் திருகினான். அசையவில்லை. எண்ணெய் விட்டான், சுத்தியலால் தட்டினான், ஸ்பேனர் மேல் ஏறியே நின்றான். ம்ஹூம்! நட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ஒரு மணி நேரமாச்சு, மாப்பிள்ளை. கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் மாமா. இதை ஒரு கை பார்த்துடறேன்."

ஸ்பேனர் வழுக்கியது. விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. கோபம் சுர்ரென்று தலைக்கேற, கார்க் கண்ணாடியைப் பார்த்து ஸ்பேனரை ஓங்கிவிட்டான். மாமனார் வாயைத் திறக்கவில்லை.

ஓங்கிய கையை மெல்ல இறக்கினான். ஸ்பேனரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

"எனக்குத் தெரியலை, மாமா. நீங்களே சொல்லிக்கொடுங்க. அன்னிக்கும் தப்பு என் பேர்லதான். அவகிட்டயும் சொல்லணும்."

மாமனார் எழுந்து வந்தார். ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி, வலது பக்கமாக ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார். கிரீச்சென்று நட்டு கழன்றது. அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பழைய காரு. இடப்பக்கச் சக்கரத்துக்கு மட்டும் மரை தலைகீழ், வலது பக்கம் திருகினாத்தான் கழலும். இவ்வளவு நேரமும் நீங்க முடுக்கிக்கிட்டே இருந்தீங்க."

"தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்களா? என்னைச் சோதிச்சுப் பார்த்தீங்களா, மாமா?"

"அட போங்க மாப்பிள்ளை! எனக்கெதுக்கு இந்த வம்பு?"

வாசலில் பெட்டியோடு நின்றாள் அவன் மனைவி.

"பிரேக்ல ஒரு கோளாறும் இல்லைங்க. இந்தச் சக்கரத்தை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னதும் நான்தான், என்ன ஆனாலும் பேசாம இருங்கப்பான்னு சொன்னதும் நான்தான்."