எனக்காக ஒரு துண்டு பேக்கன்

இதயத்தில் பைபாஸ் அறுவை முடிந்த பிறகு, ஞாயிறு காலையில் என் பங்குப் பேக்கனை, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறியை, மனைவி வசுமதிதான் சாப்பிடுகிறாள். எங்கள் காதோரம் ஒட்டியிருக்கும் வில்லைகள் அவள் நாக்கின் ருசியை என் நாக்குக்குக் கொண்டுவந்துவிடும். நான் ஓட்ஸ் கஞ்சியை விழுங்கியபடியே கண்மூடிக் கிறங்குவேன். பிறந்த வீட்டில் முட்டைகூடத் தொடாதவள். கேட்டால், “அதெல்லாம் பழகிடுச்சுங்க, எனக்கும் பிடிக்குது” என்பாள்.

இன்று புது வில்லை ஒட்டினோம். அவள் பன்றித் துண்டைக் கடித்ததும் உப்பும் புகையும் உருகும் கொழுப்பும் என் வாயில் இறங்கின. கூடவே குடலைப் புரட்டும் குமட்டல். அது என்னுடையதில்லை. புது வில்லை அவள் வயிறு படும் பாட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது.

வாரா வாரம் இப்படித்தானா விழுங்கினாள், மகராசி?

பதறிக் கண் திறந்தேன். வசுமதி சிரித்த முகமாகத் தட்டை இழுத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு சாப்பிடட்டுமாங்க?”