பனாயிஸ் பார்த்த தீவுகள்

"சிஃப்னோஸா? அங்க என்ன இருக்கு? வெயில்ல வெந்த பாறை, ரெண்டு ஆடு."

காலையிலிருந்து பனாயிஸ் இப்படித்தான் ஒவ்வொரு தீவாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான். சமையலறை மேசையில் கிரேக்கத் தீவுகளின் கடல் வரைபடத்தை விரித்து, காபிக் கோப்பை, ஆலிவ் கிண்ணம் என்று மூலைக்கு மூலை பாரம் வைத்து, அவன் மனைவி எவந்தியா பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கோடு போட, இவன் அழிக்க.

படகு என்னுடையது. சின்னப் பாய்மரப் படகு. "அக்டோபர்ல சும்மாதான் நிக்கும், வாங்க, பத்து நாள் தீவெல்லாம் சுத்திட்டு வரலாம்" என்று கூப்பிட்டவனும் நான்தான். வடக்குக் காற்று ஓய்ந்து, கோடைக் கூட்டம் கிளம்பிப்போய், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிற மாதம். இவர்கள் கல்யாணத்தில் இருவர் தலையிலும் பூவளையம் மாற்றி வைத்த தோழன் நான். அன்றிலிருந்து அவளுக்கு நான் 'கும்பாரே'. அந்த உரிமையில்தான் கூப்பிட்டேன்.

"சரி, சிஃப்னோஸ் வேணாம். ஃபோலெகாண்ட்ரோஸ்? கப்பலை விட்டு எறங்கினா எதிர்லயே மூணு சதுக்கம், ஒண்ணை ஒட்டி ஒண்ணுன்னு நீதானே சொன்ன?" என்றாள் எவந்தியா.

"சொன்னேன். இப்ப எல்லாம் மாறிப்போயிருக்கும்."

"அமோர்கோஸ்?"

"முந்நூறு தடவை பார்த்தாச்சு, எவந்தியா. எனக்கு அலுத்துப்போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் பயணிக் கப்பலில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் இவன். லீவில் வரும்போதெல்லாம் தீவு தீவாக வர்ணிப்பான். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த முப்பத்தொரு வருஷமும் பேக்கரியில் மாவு பிசைந்து, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். பக்கத்திலிருக்கிற ஈஜினாவைத் தாண்டி ஒரு தீவில் கால் வைத்ததில்லை. தான் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பசித்தவளிடம் சாப்பாடு சரியில்லை என்கிறவனை என்ன செய்வது?

"டேய், உனக்கு அலுத்துப்போச்சுன்னா அவளும் பார்க்கக் கூடாதா?" என்றேன்.

அவன் எழுந்து பால்கனிக்குப் போனான். ரெண்டு வார்த்தை காரமாகக் கேட்டுவிடுவது என்று நானும் பின்னாலேயே போனேன்.

கீழே துறைமுகத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, "நான் ஒரு தீவையும் பார்த்ததில்லடா" என்றான்.

"என்ன உளர்ற?"

"கப்பல் கரைக்கு வர்றப்பதான் இஞ்சின் ரூம்ல கை ஓயாது. முன்னால, பின்னால, நிறுத்துன்னு மேல இருந்து உத்தரவு வந்துக்கிட்டே இருக்கும். பத்து நிமிஷத்துல ஜனங்களை எறக்கி ஏத்திட்டுக் கிளம்பிடுவாங்க. எங்களுக்கு ஜன்னல்கூடக் கிடையாது. தலைக்கு மேல தடதடன்னு எறங்கற சத்தம் மட்டும் கேக்கும். இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நாக்ஸோஸ் இருக்குன்னு தெரியும். அவ்வளவுதான். லீவு விட்டா வீட்டுக்கு ஓடி வரத்தான் தோணும்."

"அப்ப அவகிட்ட சொன்னதெல்லாம்?"

"கப்பல் கடையில விக்கற போஸ்ட்கார்டு. முதல் லீவுல வந்தப்ப, 'என்னல்லாம் பார்த்த?'ன்னு அவ்வளவு ஆசையா கேட்டா. எண்ணெயும் இரைச்சலும்னு சொல்ல வாய் வரல. ஒரு பொய் சொன்னேன். அது இத்தனை வருஷம் ஓடிடுச்சு. இப்ப அவளோட போய் எறங்கி, எந்தத் தெரு எங்க போகுதுன்னு தெரியாம முழிச்சா? அவளுக்குன்னு நான் கொண்டு வந்து குடுத்தது அது ஒண்ணுதான்டா."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் கொண்டுபோன காரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தோளைத் தட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

"எவந்தியா, படகு அடியில கொஞ்சம் கசியுது. இந்த வருஷம் வேணாம்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நேத்து வரைக்கும் கசியலையே. அவன் சொல்லச் சொன்னானா, கும்பாரே?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

"ஃபோலெகாண்ட்ரோஸ்ல எறங்கினதும் சதுக்கம்னு சொன்னான் பாரு, அப்பவே எனக்குத் தெரியும். பேக்கரில என்கூட வேலை பார்த்தவ அந்த ஊர்க்காரி. துறையிலேர்ந்து ஊருக்கு ஒரு மணி நேரம் மலையேறி நடக்கணும்னு சொல்லுவா. அவன் கப்பல் வேலைக்குப் போய் அப்ப ஒரு வருஷம்கூட ஆகல."

"தெரிஞ்சுமா கேட்டுக்கிட்டிருந்த?"

"நகத்துல எண்ணெய்க் கறையோட வந்து உட்கார்ந்து, எனக்காக ஒவ்வொரு ஊரா கட்டிக்கிட்டிருப்பான். அதை எப்படி நிறுத்தச் சொல்றது?"

"அப்ப இப்ப மட்டும் ஏன் போயே ஆகணும்னு நிக்கற? குட்டு வெளிப்பட்டுடும்னு பயந்து நடுங்கறான்."

எவந்தியா பால்கனிப் பக்கம் பார்த்தாள். கப்பல் துறைமுகத்தைத் தாண்டிவிட்டது. அவன் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தான்.

"எனக்கு அவன் சொன்னதே போதும், கும்பாரே. முப்பத்தொரு வருஷம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கான். அவன் ஒரு தீவையாவது பார்க்க வேணாமா?"