பலகையின் கடைசி வரி

“நீங்களே படிங்க” என்றார் மேற்பார்வையாளர்.

பெயிண்டர் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒன்பது வருடமாக அதற்கு எழுத்து எழுதுகிறவரே அவர்தான்.

மேம்பாலம் தொடங்கும் இடத்தில், சாலையோரம் நின்றது பலகை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் அங்கே ரயில்வே கேட் இருந்தது. மூடாத கேட் வழியாகத் தண்டவாளத்தில் ஏறிய வேனை ரயில் அடித்துவிட்டது. பலகையில் விபத்தின் தேதி, இறந்த ஏழு பேரின் பெயர்கள். அவற்றுக்குக் கீழே ஒரு வரி இருந்திருக்க வேண்டும். இப்போது வெறும் நீலம்தான் இருந்தது.

“அங்க என்ன எழுதியிருந்துச்சு?”

“கேட்டைச் சாத்தாம தூங்கின கேட்கீப்பர் பேரு சார்.”

“எங்க போச்சு?”

“வெயில் சார்.”

“வெயில் ஆள் பாத்து அடிக்குமோ?”

மேற்பார்வையாளர் கைபேசியில் படங்களைக் காட்டினார். “ஒவ்வொரு வருஷமும் நீங்க பில்லோட அனுப்புற போட்டோல எட்டுப் பேரும் பளிச்சுன்னு இருக்கு. ரெண்டு மழை பெய்ஞ்சதும் ஏழுதான். மூணு வருஷமா பாக்கறேன்.”

பிறகு அவரே கைக்குட்டையை நனைத்து முதல் பெயரை அழுத்தித் துடைத்தார். அசையவில்லை. கடைசி வரியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பாதி எழுத்தைத் துடைத்தார். மாவு மாதிரித் துணியோடு வந்தது.

“டிஸ்டம்பர். செவுத்துக்கு அடிக்கறது. மேல எனாமல், கீழ டிஸ்டம்பர். ஒரு வரில என்னய்யா மிச்சம் பிடிப்பீங்க? டீச்செலவுக்காவது ஆகுமா?”

பெயிண்டர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

பலகையை ஒட்டியே பஸ் நிறுத்தம். கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த சிறுமி, பலகையை அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். ஏழாவது பெயர் முடிந்ததும், “அவ்ளோதான்!” என்று கை தட்டினாள்.

“என்ன பாப்பா, முடிச்சிட்டியா?” என்றார் பெயிண்டர்.

“முடிச்சிட்டேன் மாமா. ஒரு தப்புகூட இல்ல.”

பஸ் வந்தது. ஏறிப் போனார்கள்.

“மாமாவா?” என்றார் மேற்பார்வையாளர். “யாரு அவங்க?”

பெயிண்டர் போகிற பஸ்ஸையே பார்த்தார்.

“கேக்கறேன்ல?”

“கேட்கீப்பர் மக சார். அது பேத்தி. இந்த வருஷம்தான் எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சிருக்கு.”

“ஓகோ.”

“முன்னாடியெல்லாம் அந்தப் பொண்ணு பலகைக்கு முதுகு காட்டித்தான் பஸ்ஸுக்கு நிக்கும். இப்ப அப்படி நிக்கறதில்ல.”

“அப்படிச் சொல்லுங்க! உங்க வீட்டு ஆளு பேரை மறைக்கறதுக்கு அரசாங்கப் பலகை. வரலாறு என்ன உங்க வீட்டுச் செவுரா, வேண்டாததை வெள்ளையடிச்சு மூட?”

“சொந்தமெல்லாம் இல்ல சார்.”

“பிடிபட்டவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான். இந்தக் குழந்தையைப் பத்தி யோசிச்சீங்க, சரி. செத்தவங்க ஏழு பேருக்கும் பிள்ளைகுட்டி இல்லையா? அவங்க ஒருநாள் இங்க வந்து நின்னா என்ன நினைப்பாங்க, அதை யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் சார்.”

“யோசிச்ச லட்சணம்தான் தெரியுதே.”

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். “விளக்கக் கடிதம். நிரப்பிக் கையெழுத்துப் போடுங்க. நம்ம பிரிவுல இருக்கற நூத்திப் பன்னெண்டு பலகைல இனி ஒண்ணுகூட உங்க கைக்கு வராது. தந்தை பெயர்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதை முழுசா எழுதுங்க. சொந்தமா இல்லையான்னு அதுவே சொல்லிடும்.”

பெயிண்டர் கையைத் துடைத்துக்கொண்டார். ஏணிப் படியில் காகிதத்தை வைத்து, பலகைக்கு எழுதுவது போலவே நிதானமாக எழுதினார். காரணம் கேட்ட இடத்தில், ‘தவறு என்னுடையது’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேற்பார்வையாளர் படிவத்தை வாங்கியதும் தந்தை பெயரைத் தேடினார். கைபேசியில் பழைய படத்தைப் பெரிதாக்கி, கடைசி வரியில் இருந்த கேட்கீப்பர் பெயரோடு ஒப்பிட்டார். பொருந்தவில்லை.

ஆனாலும் படிவத்தில் இருந்த பெயரைச் சற்றுமுன் எங்கோ பார்த்த ஞாபகம். நிமிர்ந்தார்.

ஏழு பெயர்களில் மூன்றாவதாக இருந்தது அது. அதே கையெழுத்தில், எனாமலில்.