சியாயா போகும் சைக்கிள்

"சைக்கிளுக்குத் தனியா காசு கேப்பீங்களா?"

பிணவறை வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்து அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி இதுதான். சவப்பெட்டியை அப்போதுதான் வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஓகுட்டுவுக்குச் சுள்ளென்று வந்தது. பெட்டிக்குள் கிடப்பது அவன் கூடப்பிறந்த தம்பி ஒடேரா. "யோவ், இது சாவு வண்டியா, சரக்கு வண்டியா? பார்சல் ஆபீசுக்குப் போ."

"போனேங்க. பிரிச்சு அட்டைப்பெட்டியில கட்டிக் குடுத்தாத்தான் எடுப்பாங்களாம். காசும் எக்கச்சக்கமா சொல்றாங்க. சரக்கு லாரின்னா ஒரு வாரம் ஆகுமாம். நாளைக்குள்ள இது உங்க ஊரு சியாயாவுல இருக்கணும்."

"பிரிச்சுக் கட்ட வேண்டியதுதானே?"

"மறுபடியும் பிரிக்க மனசு வரலைங்க."

நைரோபியில் இது புதிதொன்றுமில்லை. சாவு பஸ் ஊருக்குப் போகிறது என்றால், கட்டிலும் மெத்தையும் மாவு மூட்டையுமாகப் பத்துப் பேர் ஓசியில் ஏறிக்கொள்வார்கள். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதற்கும் ஒரு மரியாதை உண்டு, முதலில் கொஞ்சம் அழவேண்டும். இந்த மனுஷன் கண்ணைக்கூடக் கசக்கவில்லை.

"பேரு?" என்றாள் பக்கத்து வீட்டு அவுவோர்.

"கிலொன்ஸோ."

"கம்பா இனத்து ஆளா? எங்க ஊர்ல உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாருமில்லை. ஒரு வீட்ல இதை ஒப்படைக்கணும். அந்த வீட்டுக்கு இதுதான் பொழைப்பு. ஒப்படைக்காம எனக்குத் தூக்கம் வராது." ஏதோ விலாசம் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னான்.

ஒடேராவின் மனைவி அஜ்வாங் இதையெல்லாம் கேட்டபடி பஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். பத்து நாளாக அழுது ஓய்ந்து, இப்போது உள்ளே எதுவுமே இல்லை. எழுந்து வந்து சைக்கிளைப் பார்த்தாள். நீலப் பெயிண்ட் புதுசு, முன்சக்கரமும் புதுசு. மற்றதெல்லாம் பழசு. கேரியரில் சுற்றியிருந்த பழைய டியூப் நாடாவை விரலால் தடவினாள்.

"மேல ஏத்துங்க. காசு வேண்டாம்" என்றாள். "இவருக்குப் பின்னாடி இடம் குடுங்க. பெட்டி பக்கத்துல."

அந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஓசிக்காரனுக்கு அது போதும் என்று ஓகுட்டுவும் விட்டுவிட்டான்.

நைவாஷா தாண்டியதும் கேலி ஆரம்பமானது.

"செத்தவன் முதுகுல சைக்கிள் ஏத்திட்டுப் போற முதல் ஆளு நீதான்யா" என்றான் ஒருவன்.

"அடுத்த தடவை ஒரு மாட்டையும் பிடிச்சுட்டு வாங்க, அதையும் ஏத்திக்கலாம்" என்றாள் அவுவோர்.

கிலொன்ஸோ பஸ் நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, கூரைமேல் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். திரும்பி வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். சைக்கிள்மேல் இருக்கும் அக்கறையில் கால்வாசி மனுஷன்மேல் இருக்கக்கூடாதா என்று பஸ்ஸே முணுமுணுத்தது.

நகுருவில் அவுவோர் சுட்ட சோளம் வாங்கினாள். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை, அவனுக்கும் ஒன்று நீட்டினாள். "தின்னுங்க. இதுவும் ஓசிதான்." வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். கெரிச்சோ வரைக்கும் அது அப்படியே ஆறிக் கிடந்தது.

மலைப்பாதையில் பஸ் குலுங்கியபோது பெட்டி நகர்ந்தது. எல்லோரும் அலறினார்கள். கிலொன்ஸோ இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் கையை எடுக்கவே இல்லை.

"தம்பியை லாரியால இடிச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." ஓகுட்டு முன்சீட்டிலிருந்து பொருமினான். "ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிப் போட்டுட்டு ஓடியிருக்கான், பாவி! அவன் நாசமாப் போக!"

பஸ்ஸில் எல்லோரும் அதை ஆமோதித்தார்கள். அஜ்வாங் மட்டும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்ன மகள் மடியில் தூங்கினாள்.

பிற்பகலில் வீடு வந்தது. வாசலில் காத்திருந்த கூட்டம் ஓவென்று அழுதபடி ஓடி வந்தது. பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். சைக்கிளும் கூரையிலிருந்து இறங்கியது.

"வந்த வேலை முடிஞ்சுதுல்ல? எடுத்துட்டுக் கிளம்பு" என்று சொல்லிவிட்டு ஓகுட்டு பெட்டியின் பின்னால் போனான்.

கிலொன்ஸோ கிளம்பவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக அஜ்வாங்கிடம் வந்தான். ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான். பூட்டுச் சாவியை சீட்டின்மேல் வைத்தான்.

"இந்த வீடுதாம்மா."

அவள் சாவியைப் பார்த்தாள்.

"லாரி ஓட்டினது நான். உங்க வீட்டுக்காரர் சைக்கிளும் அன்னைக்கு லாரியிலயே வந்துடுச்சு." அப்போதும் அவன் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "போலீஸ்ல சொல்றதுக்கு முன்னால இதை உங்க கையில குடுத்துடணும்னு வந்தேன். அவரோட அண்ணனைக் கூப்பிடுங்க. அவர் என்ன செஞ்சாலும் வாங்கிக்கறேன்."

அஜ்வாங் கூப்பிடவில்லை. சாவியை எடுத்து இடுப்புத் துணியின் முனையில் முடிந்துகொண்டாள்.

"லாரியோட போன சைக்கிள் வேற யாரு கையில வரும்?" என்றாள். "கேரியர்ல அவர் சுத்தின நாடாவைத் தொட்டப்பவே தெரியும். அதனாலதான் வழியெல்லாம் அவர் பக்கத்துலயே உங்களை உக்கார வெச்சேன்."