பாய் போட்ட பாலிஷ்

மதார் சாகிபுக்கு நகம் தேறவில்லை. ஆடியில் ஆரம்பித்த வைத்தியம். ஆவணி முடிந்தும் வலது கைக் கட்டைவிரல் நகம் மஞ்சள் பூத்து, தடித்து, நொறுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி. காயத்துக்குப் போடுகிற துணியை மடிக்கும் மேஜையில் வேலை. முதலாளி சுப்புராஜ் சொல்லிவிட்டார்.

“இந்த நகத்தோட மேஜைப் பக்கம் வராதீங்க பாய். பஞ்சு மூட்டைக்குப் போங்க. மாசிக்குள்ள தேறலேன்னா அந்த இடத்துக்கு வேற ஆள்தான்.”

நகப் பூஞ்சைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தோல் டாக்டர் கொடுத்த மருந்து, பார்க்க அசல் நெயில் பாலிஷ். நகத்தை அரத்தால் ராவி, ஸ்பிரிட்டில் துடைத்து, வாரம் ஒரு தடவை பூச வேண்டும். பளபளவென்று நிற்கும்.

இது போதாதா தவசிமுத்துக்கு? மேஜையில் அவரோடு நின்று மடித்தவன். வாய் சும்மா கிடக்காது.

“என்ன பாய், கலியாணப் பொண்ணு கணக்கா மினுக்குதீரு! மாப்பிள்ளை எந்த ஊரு, தளவாய்புரமா?”

கம்பெனியே சிரித்தது. மதார் சாகிப் பல்லைக் கடித்தார்.

மதியத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாயடிக்குப் போனார். பையிலிருந்து பிளேடை எடுத்து, நகத்துப் பூச்சைச் சுரண்டினார். நகத்தில் தண்ணீர் படாவிட்டால் ஒளு எப்படி நிறைவேறும்? ரத்தம் கசிந்தது.

பின்னாலேயே தவசிமுத்து.

“அடடா, பாலிஷை அழிச்சாச்சா? பொண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்கலியோ?”

“போலே அங்கிட்டு!”

மறுநாள் பிளேடைக் காணோம்.

“ஏலே தவசி, என் பிளேடை நீதானே எடுத்தே?”

“ஆமா. பொண்ணுக்கு எதுக்கு பிளேடு?”

வேறு பிளேடு வாங்கினார். அன்றோடு தவசியிடம் பேச்சை விட்டார்.

டாக்டரும் வைதார்.

“மருந்தைப் பூசுனீங்களா, குடிச்சீங்களா? நகத்துல கெடந்தாத்தானே வேலை செய்யும்! சுரண்டிப் புண்ணாக்கி வச்சிருக்கீங்க. அந்த அரத்தையும் நல்ல நகத்துல வைக்காதீங்க. வீட்டுல யாரும் தொடக் கூடாது. ஒட்டிக்கிடும்.”

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெண்சாதி சம்சாத் பேகத்திடம் புலம்பினார். “தொழுகையை விடவா, பொழப்பை விடவா?”

“பள்ளிவாசல் அசரத்துகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“இந்த வயசுல பாலிஷ் போட்டேன்னு போய்ச் சொல்லவா? ஒருத்தன் சிரிக்கிறது பத்தாதா?”

அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வெளியே வந்தவரை அசரத்தே கூப்பிட்டார்.

“மதார் சாகிப், அது மினுக்குறதுக்குப் போட்டதில்ல, மருந்து. காயத்துக் கட்டு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. ஈரக் கையால மேல தடவுனாப் போதும். சுரண்டாதீங்க.”

சம்சாத்தான் எப்படியோ காதில் போட்டிருக்கிறாள். நினைத்துச் சிரித்துக்கொண்டார். பிளேடைத் தூக்கி எறிந்தார்.

மாசி பிறக்கும்போது புது நகம் முழுசாக ஏறியிருந்தது. முதலாளி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையைக் காட்டினார்.

மேஜையில் தவசிமுத்து.

“பாலிஷ் போச்சே பாய். இனிமே யாரு பொண்ணு பாக்க வருவா?”

மதார் சாகிப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் பள்ளிவாசலில் அசரத் விரலைப் பார்த்தார்.

“தேறிருச்சே! உங்களுக்காக வந்து கேட்டவரு இதைப் பாத்தா சந்தோஷப்படுவாரு.”

“சம்சாத்துக்குத்தான் முதல்ல காட்டுனேன் அசரத்.”

“அவங்க எங்க வந்தாங்க? உச்சி வெயில்ல ஒருத்தர் செருப்பைக் கழத்திப் போட்டுட்டு வாசல்லயே நின்னாரு. ‘எங்க பாய் வெரலைச் சுரண்டியே தீத்துருவாரு சாமி, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. நான் வந்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க’ன்னாரு. இம்புட்டு நாளு நானும் சொல்லல. இப்பத்தான் தேறிருச்சே, இனி மறைக்க என்ன இருக்கு?”

“யாரு அசரத்?”

“கழுத்துல சிலுவை கெடந்துச்சு. பேரு தவசிமுத்துன்னாரு.”